லாரிக்கு ஆடிச்சுற்று

இந்தியா என்னும் பெரிய நாடு, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கும் தன்னை நம்பித்தான் தினமும் அடுப்புப் பற்றவைக்கிறது என்ற முடிவுக்குப் பிரவின்ராஜ் வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

"நல்லா யோசிச்சுப் பாரு வே," என்றான் கோமதிசங்கரிடம். கோமதிசங்கர் அவனோடு பி.காம். படித்தவன். இப்போது டீக்கடைக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். கடையில் ஆள் இல்லாத நேரம் முழுக்க பிரவின்ராஜ் பேசுவதைக் கேட்பது அவனுடைய உபதொழில்.

"இங்கன இருந்து தீப்பெட்டி போகலேன்னா நாக்பூர்ல ஒருத்தன் அடுப்புப் பத்தவைக்க முடியுமா? தீப்பெட்டி தானா நடந்து போகுமா? லாரி போகணும். லாரி தானா போகுமா?"

"தானா ஓடுத லாரி வரப்போவுதுன்னு சொல்லுதாங்களே."

"வரட்டும். கழுகுமலை ரோட்டுல ஆட்டு மந்தை குறுக்க வந்தா அது என்ன செய்யும்? ஹாரன் அடிக்கும். ஆடு நவுறுமா? எறங்கி ஆட்டுக்காரர்ட்ட நாலு வார்த்த பேசுததுக்கு ஆளு வேணும்லா? நாடு முழுக்க டிரைவர் பஞ்சம் மக்கா. டிரைவர் எல்லாரும் பிள்ளைகள இன்ஜினியருக்குப் படிக்க வச்சுட்டாவ. இன்ஜினியரும் சும்மா இருக்கான், லாரியும் சும்மா நிக்கி. நடுவுல நிக்கது நான் ஒருத்தன். கைல ஹெவி லைசென்ஸ்."

"அப்பம் வேல கிடைச்சுட்டா?"

"நான் இன்னும் முடிவு பண்ணல. ஏ.சி. கேபின் இல்லாத வண்டில ஏறுதது இல்லன்னு மட்டும் இருக்கேன்."

இதில் பொய் என்று ஒன்றும் இல்லை. டிரைவருக்குப் பஞ்சம் இருந்தது உண்மை. அவன் போனில் இருந்த மூன்று வாட்ஸ்அப் குழுக்களிலும் 'டிரைவர் தேவை, உடனடியாக, மிக அவசரம்' என்று கைகூப்பும் படத்தோடு தினமும் செய்தி வந்தது. கைகூப்பியவர்களில் பதினொரு பேருக்குப் பிரவின்ராஜ் போன் செய்தான். பதினொரு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அனுபவம் எத்தன வருசம்?"

"லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் அண்ணாச்சி."

அதோடு கூப்பிய கையைப் பிரித்துவிட்டார்கள். வண்டி ஓட்டினால் அனுபவம் வரும். அனுபவம் வந்தால் வண்டி கொடுப்பார்கள். இதில் முதல் வாக்கியத்துக்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் வீட்டில் ஒரு தேதி குறித்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் லாரி கிடைக்கவில்லை என்றால், புளியங்குடியில் இருக்கும் சித்தப்பாவின் பாத்திரக்கடையில் சேர்ந்துவிட வேண்டும். குக்கருக்கு விலை ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. நாட்டின் அடுப்பையே எரியவைக்க வேண்டிய ஒருவன், அடுப்பில் ஏறுகிற சாமானுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதா என்று பிரவின்ராஜ் கேட்டான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துரலாம்ல" என்றார்.

வியாழக்கிழமை பன்னிரண்டாவது போன். ஏசுவடியான் அண்ணாச்சிக்கு ஆறு லாரி. வடக்கே தீப்பெட்டி லோடு. அதில் இரண்டு வண்டிக்கு இரண்டாவது டிரைவர் இல்லாமல், குடோன் வாசலில் ஒன்றரை மாதமாக நிற்கின்றன.

"அனுபவம் கெடக்கட்டும் தம்பி," என்றார் அவர். "நாளைக்குக் குடோனுக்கு வா. ரோட்டுல இருந்து வண்டிய ரிவர்ஸ்ல உள்ள விடணும். ஒழுங்கா விட்டா, திங்கக்கிழம சீனியர் டிரைவரோட நாக்பூர் கிளம்பு."

"ரிவர்ஸா அண்ணாச்சி? கண்ணாடி ஒண்ணு போதும்."

வெள்ளிக்கிழமை காலை கழுகுமலை ரோட்டுக் குடோனுக்குப் போனால், வேப்பமரத்தடியில் இசக்கிச்செல்வி நின்றுகொண்டிருந்தாள்.

கரிவலம்வந்தநல்லூர்க்காரி. டிரைவிங் ஸ்கூலில் இவனோடு ஒரே பேட்ச். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். நாலு வருஷமாக லோடு ஆட்டோ ஓட்டிவிட்டு, ஹெவி எடுக்க வந்தவள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கீழே இறங்கி முழுசாகச் சுற்றி வருவாள். டயரைத் தட்டுவாள், அடியில் குனிவாள், மேலே வயர் தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பாள். பின்னால் எடுக்கும்போதும் அதே மாதிரிதான். பயிற்சி வண்டி நிற்பது வெட்ட வெளிப் பொட்டல், பக்கத்தில் ஒரு எருக்கஞ்செடிகூடக் கிடையாது. அங்கேயும் சுற்றுவாள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் கோயிலை நூற்றொரு தடவை சுற்றுவதாக வேண்டிக்கொண்டவர்கள் வெயில் பார்க்காமல் சுற்றுவார்கள். அதற்கு ஊரில் ஆடிச்சுற்று என்று பெயர். பயிற்சி நாட்களில் பிரவின்ராஜ், இசக்கிச்செல்வி லாரியைச் சுற்றுவதை வீடியோ எடுத்து, 'லாரிக்கு ஆடிச்சுற்று, இதுவரை நாற்பத்திரண்டு' என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டான். இருநூறு பேர் பார்த்தார்கள். அதில் இசக்கிச்செல்வியும் ஒருத்தி.

"அக்கா, சாமிய சுத்துனா வரம் கிடைக்கும். டாடாவ சுத்துனா என்ன கிடைக்கும்?" என்று நேரிலேயே கேட்டான். "கண்ணாடிய எதுக்கு வச்சிருக்கான்? பவுடர் போடவா? கீழ எறங்கிப் பாக்கவன் டிரைவர் இல்ல, டூரிஸ்ட்."

"நீ எண்ணிக்கிட்டே இரு," என்றாள் அவள். "கணக்கு விட்டுராத."

இப்போது வேப்பமரத்தடியில் அவள் சிரித்தாள். "வா தம்பி. நீயே முதல்ல எடு."

குடோன் கேட் லாரியை விட ஒவ்வொரு பக்கமும் இரண்டு சாண் அகலம். உள்ளே முப்பதடி தள்ளி, தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுகிற மேடை. பிரவின்ராஜ் ஏறி உட்கார்ந்தான். கூலிங் கிளாஸைச் சரிசெய்தான். இடது கண்ணாடி, வலது கண்ணாடி. ஸ்டீயரிங்கை ஒரே மடக்கு. வண்டி கேட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் எடுத்தான். ஏசுவடியான் அண்ணாச்சியே வாயிலிருந்த பாக்கை மெல்லுவதை நிறுத்திவிட்டார். மேடைக்கு அரை அடி இருக்கும்போது பின்பக்கம் 'நறுக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"ஏலே! ஏலே! நிறுத்துல!"

லோடு ஏற்றுகிற பெண்கள் மேடையின் நிழலில் சாப்பாட்டை வைப்பது வழக்கம். ஆறு பேர் சாப்பாடு தப்பிவிட்டது. மாடத்தி அக்காவின் மூன்றடுக்கு டிபன் கேரியர் மட்டும் ஒரே அடுக்காகக் கிடந்தது.

"அஞ்சு மணிக்கு எந்திச்சு வச்ச கத்திரிக்காப் புளிக்கொழம்புல!" மாடத்தி டயரையே பார்த்தாள். "சக்கரம் திங்கதுக்கா வச்சேன்?"

ஏசுவடியான் அண்ணாச்சி மெதுவாக வந்தார். "கண்ணாடி ஒண்ணு போதும்னு சொன்னியே தம்பி."

"கேரியர் கண்ணாடி லெவலுக்குக் கீழ இருந்துது அண்ணாச்சி."

"ஆமா. சின்னப் பிள்ளைகளும் அந்த லெவல்லதான் நிக்கும்."

பிரவின்ராஜ் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தான்.

அடுத்து வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இசக்கிச்செல்வி இறங்கிச் சுற்றினாள். கேட் ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். மேடைக்குப் பக்கத்தில் நின்று, "இது யாரு யாரு சாப்பாடு? எடுத்துக்கிடுங்க" என்றாள். பிறகு மூன்று தடவை முன்னும் பின்னும் போட்டு, ஆமை வேகத்தில் உள்ளே விட்டாள். ரோட்டில் காத்து நின்ற கோவில்பட்டி பஸ் அடித்த ஹாரனுக்கு அவள் பதில் சொல்லவில்லை. பார்க்க ஒரு அழகும் இல்லை. ஆனால் எதுவும் நசுங்கவும் இல்லை.

"திங்கக்கிழம வந்துரும்மா," என்றார் அண்ணாச்சி. பிறகு இவன் பக்கம் திரும்பி, "நீ வீட்டுக்குப் போ தம்பி."

பிரவின்ராஜ் வீட்டுக்குப் போகவில்லை. புளியங்குடி பஸ் ஏறினான்.

"திங்கக்கிழமைன்னு சொன்னாவ, இன்னைக்கே வந்துட்டியே!" சித்தப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"ஒரு கேரியர் வேணும் சித்தப்பா. மூணு அடுக்கு. நல்ல கனமா."

சித்தப்பா கேரியரை எடுத்துக் கொடுத்தார். அப்படியே, பழகின மாதிரி இருக்கட்டும் என்று ஒரு கட்டு ஸ்டிக்கரும் கொடுத்தார். நாற்பது குக்கருக்கு ஒட்டினான். ஒன்றுகூடக் கோணவில்லை. சித்தப்பா பார்த்துவிட்டு, "கைல தொழில் இருக்குடே உனக்கு" என்றார். பிரவின்ராஜை அந்த வாரத்தில் உண்மையிலேயே பயமுறுத்தியது அந்த ஒரு வாக்கியம்தான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அவன் குடோன் வாசலில் கேரியரோடு நின்றான். மாடத்தி அதை வாங்கி, மூடியைத் திறந்து, அடியைத் தட்டி, கொக்கியை மாட்டிக் கழற்றிப் பார்த்தாள்.

"பழசை விட கனமா இருக்கே."

"டயர் ஏறுனாலும் நசுங்காதுக்கா. சித்தப்பா சொன்னாவ."

"ஏறிப் பாக்கலாம்னு இருக்கியாக்கும்?" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள். பிறகு குடோனுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணாச்சி! இந்தப் பையன இன்னொருக்க ஓட்டச் சொல்லுங்க. இன்னைக்கு என் சோறு என் கைலதான் இருக்கு."

ஏசுவடியான் அண்ணாச்சி வெளியே வந்தார். இன்னொரு வண்டியைப் பார்த்தார். ஒன்றரை மாதம் நின்றதில் அதன் முன்கண்ணாடியில் யாரோ விரலால் 'கழுவவும்' என்று எழுதியிருந்தார்கள்.

"பஞ்சம்னா பஞ்சந்தான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியை நீட்டினார். "ஒரு தடவதான். நசுங்கிச்சுன்னா பிறகு இந்த ரோட்டுப் பக்கமே நான் உன்னப் பாக்கக் கூடாது."

வண்டி விவரம் கேட்க வந்திருந்த இசக்கிச்செல்வி வேப்பமரத்தடிக்கு நகர்ந்து நின்றாள். லோடு பெண்கள் ஆளுக்கொரு கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பிரவின்ராஜ் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய் கேட்டுக்கு நேராக நிறுத்தினான். ஏ.சி. கேபின் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை. இடது கண்ணாடி, வலது கண்ணாடி. எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. நேற்றும் அப்படித்தான் தெரிந்தது.

ரிவர்ஸ் கியருக்குப் போன கை பாதியில் நின்றது. இன்ஜினை அணைத்தான். கதவைத் திறந்தான்.

"என்னடே?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் இல்ல. போன் கீழ விழுந்துட்டு. எடுத்துட்டு வந்துருதேன்."

போனைத் தேடுகிறவன் முதலில் முன்சக்கரத்தைப் பார்த்தான். பிறகு அடியில் குனிந்தான். பக்கவாட்டில் நடந்து, இரட்டை டயரைக் கையால் தட்டினான். கேட்டின் இரண்டு தூணையும் அளந்தான். உள்ளே போய் மேடையின் நிழலைப் பார்த்தான். அங்கே கிடந்த ஒரு செங்கலை எடுத்து ஓரமாக வைத்தான். அண்ணாந்து வயரைப் பார்த்தான். ரோட்டில் கழுகுமலை பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பதில் சொல்லவில்லை. அடுத்த பக்கமாகத் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது அவனுடைய சட்டைப் பைக்குள்ளிருந்து போன் அடித்தது.

வேப்பமரத்தடியிலிருந்து ஒரு குரல், தணிவாக, "ஒண்ணு" என்றது.

பிரவின்ராஜ் அந்தப் பக்கம் திரும்பாமல் போனை எடுத்தான். சித்தப்பா.

"திங்கக்கிழம எத்தன மணிக்குடே வருத? குக்கர் நூறு இறங்குது."

"வர முடியாது சித்தப்பா. நாக்பூர் போறேன்."

"அப்படியா? வண்டி கிடைச்சுட்டா?"

"ஆமா," என்றான், வண்டியைப் பின்னால் இன்னும் ஒரு அடி நகர்த்தாதவன். "வச்சிருங்க, ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஏணிப்படியில் கால் வைத்தான். ஏறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இறங்கிப் போய், பின்சக்கரத்துக்குப் பின்னால் இன்னொரு தடவை குனிந்து பார்த்தான்.