பீரங்கிச் சத்தத்தில் ஓடிய லாரி

எத்தனை பேரைச் சுட்டாய் என்பதைத் தவிர லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேறு அளவுகோல் தெரியாது. ஆன்லைனில் ஆடும் இரண்டாம் உலகப் போர் கம்ப்யூட்டர் விளையாட்டில் எட்டுப் பேர் கொண்ட அணிக்கு அவன்தான் கேப்டன். அடுத்த சீசனுக்கான பட்டியலைக் காலையிலேயே லீக் போட்டியை நடத்துகிறவர்களுக்கு அனுப்பிவிட்டான். அனுப்பியதை மாற்ற முடியாது. அதில் அவன் அக்காவின் பெயர் இல்லை.

அக்கா பஸ் டிரைவர். விளையாட்டிலும் லாரிதான் ஓட்டுவாள். மறைவான இடமாகப் பார்த்துப் பெட்டிகளை இறக்கி முகாம் போடுவது அவள் வேலை. செத்தவர்கள் அந்த முகாமில்தான் மறுபடி எழுவார்கள். முகாம் இல்லாவிட்டால் கண்காணாத தூரத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவர வேண்டும். இதெல்லாம் தம்பிக்குத் தெரியாததல்ல. ஆனால் சீசன் முழுக்க அவள் ஒரு ஆளைக்கூடச் சுடவில்லையே! இன்றைய கடைசி ஆட்டம் முடிந்ததும் பட்டியல் வெளியாகும். அதற்குள் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தான். பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டுகிறவளிடம் வாய் வரவில்லை.

எதிரணி இரண்டு வருடமாகத் தோற்காத அணி. பாலத்தைப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடித்து வைத்தால் வெற்றி. மூன்றாவது நிமிடமே தம்பி குண்டு பட்டுச் செத்தான். மறுபடி எழுந்து பார்த்தால், அக்கா முகாம் போட்டிருந்தது பாலத்துக்கு அடுத்த கொட்டகையில்.

"இவ்வளவு கிட்ட எப்படிக்கா லாரியைக் கொண்டு வந்த?"

"அவங்க பீரங்கி வெடிக்கிறப்ப மட்டும் ஆக்ஸிலேட்டரை மிதிச்சேன். இன்ஜின் சத்தம் கேக்காதுல்ல? போடா, போய்ப் பாலத்தைப் பாரு."

அதன்பிறகு அவன் காதைத் தீட்டிக்கொண்டான். பீரங்கி முழங்கும்போது லாரி நகர்ந்தது, ஓய்ந்தால் நின்றது. எதிரிகள் ஒரு முகாமைக் கண்டுபிடித்துக் கொளுத்துவதற்குள் அவள் அடுத்ததைப் போட்டிருந்தாள். எட்டாவது முறை செத்து எழுந்தபோது அவனுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நாள் தான் சுட்டுத் தள்ளியதெல்லாம் இவள் கொடுத்த உயிரை வைத்துத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. என்ன மனுஷி இவள்! இவளையா பட்டியலிலிருந்து வெட்டிவிட்டோம்!

ஜெயித்தார்கள். அணியே ஹெட்போனுக்குள் கூச்சல் போட்டது. தம்பி எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டான்.

"நீ இல்லன்னா இன்னைக்கு நம்ம மானம் கப்பலேறியிருக்கும்க்கா!"

"சரி சரி, விடுடா, மூச்சு முட்டுது," என்று சிரித்தாள்.

அந்த நேரம் எதிரணிக் கேப்டனின் குரல் எல்லோருக்கும் கேட்டது. "லாரி ஓட்டினது யாருங்க? எட்டுப் பேர் சல்லடை போட்டுத் தேடினோம், கண்ணுலயே படல. பெரிய கும்பிடு!"

"எங்க அக்கா!" என்றான் தம்பி, நெஞ்சை நிமிர்த்தி.

"அப்படியா? இப்பதான் அடுத்த சீசன் லிஸ்ட் வந்துச்சு. உங்க டீம்ல அவங்க பேரைக் காணோமே. நீங்க விட்டுட்டா நாங்க எடுத்துக்கலாமா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். காதெல்லாம் சுட்டது.

"சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"பிராக்டிஸ் எத்தனை மணிக்குங்க?"