ஐந்தாம் வசனத்தைத் தாண்டி

புதன்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தின் நடுவில் புயல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. பாட்டுப் புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் சபையின் நிலவறைக்கு இறங்கினோம். அரை மணி நேரம் கழித்து மேலே வந்து பார்த்தால் எங்கள் கட்டடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து 'ரஸ்டி ஸ்பர்' மதுக்கடையின் மேற்குச் சுவர் உள்ளே சாய்ந்து மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். அதில் ஒருவன் டால்டன் புரூயிட். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவன்தான். பல வருடமாக வருவதில்லை. அவன் அம்மா ஜோலீன் அன்று எங்களோடு நிலவறையில் இருந்தாள்.

நான் அந்தச் சபையில் பியானோ வாசிக்கிறேன். இங்கே சொல்வதில் பாதி நான் பார்த்தது. மீதி, மெரிட் பாஸ்டரே பிற்பாடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னது.

மெரிட் பாஸ்டர் வேதத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தால் முதல் வசனத்திலிருந்து கடைசி வரை வரிசையாகத்தான் பிரசங்கம் செய்வார். பிடித்த இடத்தைப் பொறுக்குவதும் சங்கடமான இடத்தைத் தாண்டுவதும் கிடையாது. லூக்கா சுவிசேஷத்தில் ஒன்றரை வருடமாக இருந்தோம். "இயேசுவே ஊழியத்த மூணு வருஷத்துல முடிச்சிட்டார் பாஸ்டர், நீங்க இன்னும் பன்னெண்டாம் அதிகாரத்துல நிக்கிறீங்க" என்று சபை மூப்பர் ஓர்வல் டெஸ்மர் வாசலில் கைகுலுக்கும்போது கிண்டல் செய்வார்.

புயலுக்குப் பிறகு வந்த ஞாயிறு வெறும் ஜெபமும் பாட்டுமாகக் கழிந்தது. திங்கள்கிழமை டால்டனை அடக்கம் செய்தோம். அடுத்த நாள் காலை ஓர்வல் பாஸ்டரின் அறைக்கு வந்தார்.

"இந்த வாரம் பதின்மூணாம் அதிகாரம்தானே?"

"ஆமா."

"கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த இடம். பாத்தீங்களா, ஆண்டவரே வரிசையாக் கொண்டாந்து விட்டிருக்கார். நாம ஜெபத்துல இருந்தோம், அவங்க குடியில இருந்தாங்க. ஊரே இதத்தான் பேசுது. மேடையில நின்னு நீங்க சொல்லாம யார் சொல்றது?"

"வசனம் அப்படிச் சொல்லலயே ஓர்வல். அந்தப் பதினெட்டுப் பேரும் மத்தவங்களவிடப் பெரிய குற்றவாளின்னு நெனைக்கிறீங்களா, இல்லவே இல்லங்கிறார்."

"சரி, அடுத்த வரி? மனந்திரும்பலன்னா நீங்களும் அப்படியே அழிஞ்சு போவீங்கன்னு இருக்கில்ல? ஜோலீன் முகத்துக்காக அத முழுங்கிடாதீங்க."

பாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் அதை விழுங்கத்தான் நினைத்திருந்தார்.

அவருடைய அறை நிலவறையில்தான். ஈரப்பதம் உறிஞ்சும் இயந்திரம் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமைதோறும் அந்த வாரத்துப் பகுதியை ஒரு தாளில் கையால் எழுதி, விளக்கவுரை எதையும் திறக்காமல், வாய்விட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பார். யார் சொன்னது, யாரைப் பார்த்துச் சொன்னது, ஏன் அப்போது சொன்னது என்று கேட்டுக்கொண்டே வாசிப்பார். அதற்குப் பதில் கிடைக்கிறவரை ஒரு வரியும் எழுதமாட்டார்.

இந்த முறை பதிலுக்குக் காத்திராமல் எழுதிவிட்டார். 'இல்லை' என்று இயேசு சொன்ன இடத்தோடு நிறுத்தி, துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக, ஒரே மூச்சில் வந்த பிரசங்கம். படித்துப் பார்த்தால் அவருக்கே கண் கலங்கியது. ஆனால் பகுதியை எழுதி வைத்த தாள் பக்கத்திலேயே கிடந்தது. 'நீங்களும் அழிந்துபோவீர்கள்' என்று முடியும் ஐந்தாம் வசனம் முழுதாக அதில் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்க உட்கார்ந்தார்.

அந்தப் பகுதியில், செத்தவர்களைப் பற்றி இயேசுவிடம் செய்தி கொண்டுவருகிறார்கள் சிலர். அவர்களில் ஒருவன்கூடத் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. இயேசு செத்தவர்களைப் பற்றிய கேள்வியை ஒரே சொல்லில் மூடிவிட்டு, கேட்டவர்கள் பக்கம் திரும்புகிறார். 'நீங்கள்' என்பது முன்னால் நிற்கிறவர்கள். அதுவரை பாஸ்டருக்குப் புரிந்தது. ஆனால் அந்த எச்சரிக்கையோடு முடித்தால், சம்மட்டியால் அடித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவது மாதிரி இருந்தது. அதனால் எழுதிய தாளின் விளிம்பைத் தாண்டி மேலே வாசித்தார். உடனே அத்திமரக் கதை வருகிறது. மூன்று வருடமாகக் காய்க்காத மரத்தை வெட்டு என்கிறான் சொந்தக்காரன். இந்த வருடமும் இருக்கட்டும், நான் கொத்தி எரு போடுகிறேன் என்கிறான் தோட்டக்காரன். அந்த எச்சரிக்கையை ஒட்டியே அந்தப் பொறுமையும் இருந்தது. ஐந்தாம் வசனத்தில் கோடு போட்டது லூக்கா அல்ல, தான்தான் என்று பாஸ்டருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அவர் ஜோலீன் வீட்டுக்குப் போனார். அவள் இதை முதல்முதலாக மேடையிலிருந்து கேட்கக்கூடாது என்று நினைத்தார். சமையலறை மேசை முழுக்க ஆட்கள் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுத் தட்டுகள், அலுமினியத் தாள் பிரிக்காமல் இருந்தன. அவர் பகுதியை வாசித்தார்.

"டால்டன் அந்த வரியில இருக்கானா பாஸ்டர்?"

"இல்ல. செத்தவங்க பேச்சு அதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. அந்த வரி உசுரோட நிக்கிறவங்களுக்கு."

"அப்ப அவன் எங்க இருக்கான்?"

"அத இந்தப் பகுதி சொல்லல ஜோலீன். அது சொல்லாதத நான் சொல்லக்கூடாது. சொல்லணும்னு ஆசையா இருக்கு. ஆனா சொல்லக்கூடாது."

ஜோலீன் எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கு நெலவறையில நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? ரேடியோல ரஸ்டி ஸ்பர் விழுந்துடுச்சுன்னு சொன்னப்போ? சுத்திப் பாத்துட்டு, 'நம்மவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்'னீங்க. நான் மூலையில நின்னு அவனுக்கு போன் அடிச்சிட்டிருந்தேன்."

பாஸ்டர் அதை மறந்தே போயிருந்தார். "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னார். அவள் திரும்பவேயில்லை. அவர் வெளியே வந்தார்.

ஞாயிறன்று சபை நிரம்பியிருந்தது. பியானோ முன்னால் இருந்து பார்த்தால் எல்லா முகமும் தெரியும். ஓர்வல் வழக்கமான இரண்டாவது வரிசையில். ஜோலீன், முதல் பாட்டு முடிந்த பிறகு வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

பாஸ்டர் அத்திமரக் கதை முடியும் ஒன்பதாம் வசனம் வரை வாசித்தார். பிரசங்கத்தில் கதையும் இல்லை, சிரிப்பும் இல்லை. "ரஸ்டி ஸ்பர்ல செத்தவங்க நம்மளவிடப் பாவிங்களா? இல்லன்னு ஆண்டவர் சொல்லிட்டார். அதுக்கு மேல யாராவது அதப் பேசினா, அவர எதுத்துப் பேசுறாங்க" என்றார். ஓர்வல் காது சிவந்தது. "ஆனா அவர் அதோட நிறுத்தல. நீங்கன்னு திரும்புறார். அந்த 'நீங்க'ல முதல் ஆள் நான்."

பிறகு நிலவறையில் தான் சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல், எல்லோர் முன்னாலும் சொன்னார். "நம்மவங்கன்னு நான் ஒரு கோடு போட்டேன். நம்ம பிள்ளை ஒருத்தன் அந்தக் கோட்டுக்கு வெளிய செத்துக்கிட்டிருந்தான். நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தேன். மனந்திரும்புறதுன்னு இங்க எழுதியிருக்கிறது எனக்கு." அத்திமரத்துக்கு வந்து, "நமக்கு இன்னும் டைம் குடுத்திருக்கார்" என்று சொல்லி முடித்தார். கடைசிப் பாட்டைப் பாதிப் பேர்தான் பாடினார்கள். எனக்கே இரண்டு இடத்தில் விரல் தவறியது.

வாசலில் ஜோலீன் அவர் கையைப் பிடித்தாள். "எனக்குப் பிடிக்கல பாஸ்டர். ஆனா நீங்க பொய் சொல்லல. அடுத்த வாரம் வருவேனான்னு தெரியல." அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். ஓர்வல் அன்று பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்.

அந்தப் பிரசங்கத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் மளிகை வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக வந்தேன். மதுக்கடை இடிபாட்டில் ஓர்வல் தன் டிராக்டரை வைத்துச் செங்கல்லை அள்ளிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லையாம், காலையில் தானாகவே வந்தாராம். மதுக்கடைக்காரன் ரஸ்ஸல் கிண்டலாகக் கத்தினான்:

"என்ன ஓர்வல், இருபது வருஷமா இந்த வாசல மிதிக்கமாட்டேன்னு இருந்தீரு?"

"வாசல் எங்கய்யா இருக்கு இப்ப?" என்றார் ஓர்வல், இயந்திரத்தை நிறுத்தாமல். "குடிக்கக் கோக் இருந்தா ஒண்ணு குடு. வெயில் கொளுத்துது."