சகாயநாதன் ஓட்டிப் பார்த்த சிவப்புக் கார்

லாரிக்குக் கேபினும் பெட்டியும் கட்டுவதற்கு முன்னால் வெறும் சேசிஸை ஓட்டிப் பார்க்கிற உத்தியோகம் ஒன்று உண்டு. கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடி கிடையாது. சட்டமும் சக்கரமும் இன்ஜினும்தான். நடுவில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் உட்கார்ந்து, தலைக்குத் துண்டைக் கட்டி, கறுப்புக் கண்ணாடி மாட்டி, வாயை இறுக்க மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். திறந்தால் பூச்சி போய்விடும். ஓசூரில் ஒரு லாரி கம்பெனியில் சகாயநாதன் பதினோரு வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்னால் பர்கூர் குவாரிகளில் கல் லாரி. நாற்பத்தைந்து வயதில் பாதிக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தே கழித்த மனிதர், ஆனால் பாருங்கள், ஒரு காரைக்கூட ஓட்டியதில்லை.

அப்படிப்பட்டவரிடம் ஜெபமணி வந்து, "அண்ணாச்சி, என் காரை ஓட்டிப் பாத்து ஒரு ரிப்போர்ட் எழுதித் தாங்க" என்று கேட்டால் எப்படி இருக்கும்! சகாயநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஜெபமணி திருநெல்வேலிச் சீமைக்காரர். அதே லாரி கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, சிப்காட்டில் ஒரு தகர ஷெட் பிடித்து, மூன்று வருஷமாகத் தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டினார். இரண்டே சீட்டு, கூரை இல்லை, மிளகாய்ப்பழச் சிவப்பு. இன்ஜின் என்னவோ பழைய காரிலிருந்து கழற்றியதுதான். அதன் தலைமேல் அவரே செய்து பூட்டிய சூப்பர்சார்ஜர்தான் விசேஷம்.

"இன்ஜின் தானா இழுக்க காத்து பத்தாது அண்ணாச்சி. இது பெல்ட்டுல சுத்தி, காத்தை அமுக்கி உள்ள தள்ளும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும். அதுக்கப்புறம் என்ன நடக்குன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் ஜெபமணி. "எனக்கு வண்டி கட்டத் தெரியும், வேகமா ஓட்டத் தெரியாது. ஷெட்டுல இருந்து மெயின் ரோடு வரைக்கும்தான் ஓட்டிருக்கேன். சத்தம் கேட்டாலே காலை எடுத்திருதேன்."

டெல்லியில் ஒரு கண்காட்சி. திங்கட்கிழமை காலையில் காரை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அங்கே வருகிறவர்கள் அதை ஓட்டியும் பார்ப்பார்கள். கம்பெனியில் சோதனை ஓட்டுநராக இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் கூட வந்தால்தான் வண்டியை உள்ளே விடுவார்களாம். கம்பெனியின் டெஸ்ட் டிராக்கை ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் பயன்படுத்திக்கொள்ள ஜெபமணி அனுமதி வாங்கியிருந்தார். ஆக, சகாயநாதனுக்கு அந்தக் காரோடு ஒரே ஒரு நாள். மறுநாள் அது போய்விடும். அதன்பின் அவர் பாடு பழையபடி மரப்பெட்டிதான்.

ஞாயிறு ஆறு மணிப் பூசையை முடித்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் டிராக்குக்குப் போய்விட்டார். "கறி எடுத்துக் குடுத்துட்டுப் போனா கார் ஓடிப் போயிடுமா?" என்று அவர் மனைவி அருள்செல்வி கோயில் வாசலிலேயே கேட்டாள். அது காதில் விழாத மாதிரி சைக்கிளை மிதித்தார்.

டிராக் என்பது ஒன்றரை மைல் தார்ரோடு. தைல மரங்களுக்கு நடுவே வளைந்து, ஏறி, இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். ஓட்டுகிறவர்கள் அதன் துண்டுகளுக்குத் தங்களுக்குத் தெரிந்த பேர்களை வைத்திருந்தார்கள். செங்குத்தாக இறங்குவது தொப்பூர். அது முடிந்ததும் இடது பக்கம் நெருக்கித் திரும்புவது சூளகிரி வளைவு. அப்புறம் கேட் வரைக்கும் நேர் ரோடு.

அவர் போய்ச் சேரும்போது சிவப்புக் கார் தயாராக நின்றது. பழக்கதோஷம், தலைக்குத் துண்டைக் கட்டினார், கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். உள்ளே உட்கார்ந்தால் தரையிலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. லாரியில் ஊரையே மேலிருந்து பார்த்த மனிதருக்கு, இப்போது புல்தான் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

முதல் வளைவிலேயே மானம் போகப் பார்த்தது. லாரிக்குத் திருப்புகிற மாதிரி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்துச் சுற்றினார். அடப்பாவி, கார் அப்படியே புல்லுக்குள் தலையை நீட்டிவிட்டது! நல்ல வேளை, வேகம் இல்லை. கேட்டில் நின்ற ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. "கை போதும், தோள் வேணாம்" என்று சகாயநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாவது ரவுண்டில் அதுவும் அதிகம் என்று தெரிந்தது. மணிக்கட்டை அசைத்தாலே வண்டி கேட்டது.

மூன்றாவது ரவுண்டில்தான் நேர் ரோட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கினார். மாவு மில்லில் பெல்ட் பிடிக்கும்போது வருமே, அந்த ஊங்காரம் காலடியிலிருந்து கிளம்பியது. முதுகை யாரோ பிடித்து சீட்டோடு தள்ளினார்கள். லாரியில் அமுக்கினால், அது யோசித்து, இருமி, பிறகு புறப்படும். இங்கே யோசனையே இல்லை. கால் நினைப்பதற்குள் வண்டி போய்விட்டது. சகாயநாதன் வாயைத் திறந்து கத்தினார். பூச்சி போனால் போகட்டும் என்று கத்தினார்.

பத்து ரவுண்டு ஓட்டினார். தொப்பூர் இறக்கத்தில் கியரைக் குறைத்தால் பின்னால் டப் டப்பென்று வெடித்தது. சூளகிரி வளைவில், பாதி திரும்பும்போதே மறுபடி அமுக்கினால், வண்டியின் பின்பக்கம் ரோட்டைக் கவ்விக்கொண்டு அவரை வளைவிலிருந்து நேர் ரோட்டுக்கு எறிந்தது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் லேசாக இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வேறு கார் தெரிந்தால்தானே! பத்தாவது ரவுண்டு முடிந்தபோது சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கறுப்புக் கண்ணாடி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சோதனை ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம். இறங்கியவுடன் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் உள்ளே போனால், வண்டி சொன்னது மறந்துபோகும் என்பார்கள். சகாயநாதன் பானட்டில் கை வைத்தபடி சொன்னார், ஜெபமணி எழுதினார். இழுவை பிரமாதம். பிரேக் நேராகப் பிடிக்கிறது. பின்பக்கம் தரையில் உட்கார்ந்து ஓடுகிறது, வளைவில் அமுக்கினாலும் நழுவவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஒன்றைக்கூட யாரும் தப்பென்று திருப்பியதில்லை. ஜெபமணி அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, நாளைக்கு வரவேண்டிய லாரிக்குப் போன் செய்ய கேட்டுக்குப் போனார்.

அப்போதுதான் திம்மப்பன் வந்தான். டிராக்கில் லோடு ஏற்றி இறக்குகிற ஆள், தொரப்பள்ளிக்காரன். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ்.

"ஆயித்தாண்ணா, முடிஞ்சுதுங்களா? மூட்டை எறக்கிடலாங்களா?"

"எந்த மூட்டை?"

"டிக்கியில வெச்சிருக்கறேன் இல்லீங்களா, மணல் மூட்டை. ஐம்பது கிலோ, ரெண்டு."

சகாயநாதன் டிக்கியைத் திறந்து பார்த்தார். காலிச் சேசிஸ் குதிக்கும், ஆளைத் தூக்கி எறியும். அதனால் லோடு இல்லாமல் எந்த வண்டியும் டிராக்கில் ஏறக்கூடாது என்று கேட்டிலேயே போர்டு தொங்குகிறது. திம்மப்பன் போர்டைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். காலையில் ஜெபமணி டீ குடிக்கப் போன நேரத்தில் சின்ன வண்டிக்குச் சின்ன லோடு என்று கணக்குப் போட்டு ஏற்றிவிட்டான்.

"தப்புங்களாண்ணா?"

"இல்லப்பா. எறக்கிடு" என்றார் சகாயநாதன்.

ஒரு டீ வாங்கிக் குடித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் இது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருவனுக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாது. ஜெபமணியின் மூன்று வருஷ உழைப்பு நாளைக்கு டெல்லிக்குப் போகும். சகாயநாதன் பேரும் கெடாது. வாயைத் திறந்தாலோ, நூறு கிலோ பின்னால் கிடப்பது தெரியாமல் ஓட்டின டிரைவர் என்று கேன்டீன் முழுக்கச் சிரிக்கும். டீ தீர்ந்தது. ஒருவேளை மணல் இல்லாமலும் வண்டி அப்படியேதான் ஓடுமோ என்னவோ? ஓட்டிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். மறுபடி ஏறினார்.

நேர் ரோட்டில் கார் முன்பைவிடத் துள்ளியது. தொப்பூர் இறக்கத்தில் வால் ஆடுவது இடுப்பில் தெரிந்தது. சூளகிரி வளைவில், முன்பு அமுக்கிய அதே இடத்தில், அதே அளவு அமுக்கினார்.

"மாதாவே!"

தைல மரங்கள் வலப்பக்கம் ஓடின, பிறகு இடப்பக்கம் ஓடின, பிறகு வானம் மட்டும் தெரிந்தது. கார் ஒரு முழுச் சுற்றும் இன்னொரு அரைச் சுற்றும் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி புல்லில் நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. கையை மடக்கிப் பார்த்தார், காலை நீட்டிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. கேட்டிலிருந்து ஜெபமணி செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி! அடி பட்டிருச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். வண்டிக்கும் ஒண்ணும் இல்ல. என் ரிப்போர்ட்டுக்குத்தான் அடி."

"என்ன சொல்லுதீங்க?"

"காலையில நான் ஓட்டினது உங்க வண்டி இல்ல சார். உங்க வண்டியும் நூறு கிலோ மணலும்." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். திம்மப்பன் பேரைச் சொல்லும்போது மட்டும், "அவன் போர்டுல இருக்கறதத்தான் செஞ்சான், பாக்காம ஏறினது நான்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஜெபமணி புல்லில் பதிந்திருந்த டயர் தடத்தைப் பார்த்தார். பிறகு, "தெரியாத மாதிரி இருந்திருக்கலாமே அண்ணாச்சி" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"இருந்தேன் சார். ஒரு டீ குடிக்கற நேரம் இருந்தேன். அதுக்கு மேல முடியல. டெல்லியில எவனாவது சின்ன வயசுக்காரன் ஏறுவான். பக்கத்துல பொண்டாட்டிய ஒக்கார வெச்சுக்குவான். என் கையெழுத்த நம்பி வளைவுல அமுக்குவான். இங்க புல்லு இருந்துச்சு. அங்க என்னா இருக்குமோ."

இரண்டு பேரும் காரைத் தள்ளி ரோட்டில் ஏற்றினார்கள். மெதுவாகக் கேட்டுக்கு ஓட்டி வந்தார்கள். அங்கே இறக்கி வைத்திருந்த மணல் மூட்டை ஒன்றின்மேல் ஜெபமணி பொத்தென்று உட்கார்ந்தார். பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். ஒரு தடவை படித்தார். நாலாகக் கிழித்தார். மூன்று வருஷம், ஒரு கிழி, முடிந்தது.

"லாரி வேண்டாம்னு போன் பண்ணிட்டு வாரேன்" என்று எழுந்தார் ஜெபமணி. போன் பேசிவிட்டு வந்தவர் முகத்தில் என்னவோ மாறியிருந்தது. பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்து, கிழிந்த தாளின் பின்பக்கத்திலேயே படம் போட ஆரம்பித்தார். "பின்னால பாரம் பத்தல, அதான் வழுக்குது. பேட்டரியைப் பின்னால கொண்டு போகணும். பெட்ரோல் டேங்கையும். இன்ஜினையே அரை அடி பின்னுக்கு இழுக்கணும்னு நினைக்கேன். இவ்வளவு நாள் எனக்கு இது தோணவே இல்ல பாருங்க! ஒவ்வொண்ணா மாத்தி, ஒவ்வொண்ணா ஓட்டிப் பாக்கணும். எப்படியும் ஆறு மாசம் ஆகும்."

"ஆகட்டும் சார்."

"கம்பெனில பேசி டிராக்கை வாங்கிருதேன். நீங்க ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து ஓட்டணும் அண்ணாச்சி. வேற யாருகிட்டயும் நான் தரமாட்டேன். உங்களுக்குத் தொந்தரவுதான்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். ஆறு மாசம்.

பாவம், மனிதர் டெல்லியையே இழந்துவிட்டு நிற்கிறார். இந்த நேரத்தில் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்வதுதான் மரியாதை. சகாயநாதன் உதட்டைக் கடித்தார். தரையைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. காதிலிருந்து காது வரைக்கும் பல் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, சிரிக்கீங்க?"

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் சகாயநாதன், சிரிப்பை நிறுத்த முடியாமல். "வண்டி இப்ப ஷெட்டுக்குத் திரும்பிப் போவணும் இல்லீங்களா? அத நான் ஓட்டிட்டு வரட்டுங்களா?"