கைநழுவிய கோல்

ஆசியப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் இந்தியப் பெண்கள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆளிடம் கொடுக்கும்போது மூன்றாவதாக ஓடிய ரெம்யாவின் கையிலிருந்து கோல் நழுவி விழுந்தது. பதக்கம் போயிற்று. தம்பானூரில் ரெம்யாவின் வீட்டில் டிவி பார்க்கக் கூடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் அம்மா எலிசாள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"அம்மா, பாத்தியா?"

"இல்ல மோளே. இங்க கரண்ட் போயிட்டு. யாருமே பாக்கல்ல."

 மறுமுனையில் ரெம்யா விம்மினாள். "அப்போ கோல் விழுந்ததையும் நானே சொல்லணுமா அம்மா?"

ஆறுதலுக்குச் சொன்ன பொய் மகளை இன்னும் வதைக்கிறது என்று எலிசாளுக்குப் புரிந்தது.

"வேண்டாம் மோளே. நான் பாத்தேன். எல்லாரும் பாத்தோம். நீ வீட்டுக்கு வா."

விம்மல் மெல்ல அடங்கியது. ரெம்யா போனை வைக்கவில்லை.