பச்சை பெல்ட்

இரும்புக் கொக்கியை பாய்லர் வாய்க்குள் விட்டு மூட்டையை இழுத்தான் ஜெயபாண்டி. அனல் முகத்தில் அறைந்தது. பாதி கரிந்த மூட்டை வெளியே வந்து விழுந்ததும் மேலே ஏறி மிதித்தான். செருப்பு உருகி ஒட்டியது.

சூப்பர்வைசர் குருசாமி இப்போதுதான் அதைத் தன் கையாலேயே உள்ளே தள்ளிவிட்டு, "கட்டிங் வேஸ்ட்டுங்க, வேறொண்ணுமில்லீங்க" என்று சொல்லிப் போயிருந்தார். திருப்பூரில் கட்டிங் வேஸ்ட்டை எவன் எரிப்பான்? வெட்டி மிஞ்சிய துணி, கிலோ கணக்கில் விலை போகிற சரக்கு. அங்கேதான் ஜெயபாண்டிக்குப் பொறி தட்டியது.

துணித்துண்டுகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது ஒரு பச்சை பெல்ட். இடுப்பையும் தொடையையும் சேர்த்துக் கட்டி மரமேறுகிற பெல்ட். பின்பக்கம் அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் பெயர் வெள்ளை நூலில் பளிச்சென்று இருந்தது. கயிறு மாட்டும் வளையத்தை மட்டும் காணோம். அது இருந்த இடத்தில் தையல் வாய் பிளந்து நூல் நூலாக நின்றது.

ஜெயபாண்டி அதை உதறிக் கையில் எடுத்தான். தம்பி முனீஸ் வெடிப்பலா என்கிற காட்டு மரத்தின் உச்சியிலிருந்து விழுந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறான். பெல்ட்டே போடாமல் ஏறினான் என்று கம்பெனி சாதிக்கிறது.

ஆனைமலைப் பக்கம் மழைக்காட்டின் மர உச்சிகளை ஆராய்கிற குழுவுக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. வெளிநாட்டுக்காரன் காட்டைக் காப்பாற்றுகிற கம்பெனியிடம்தான் பனியன் வாங்குவானாம். ஊரில் பனையேறிப் பழகிய முனீஸை, கயிறு கட்ட ஆளாக அனுப்பினார்கள். லீவுக்கு வந்தால் அவன் வாய் ஓயாது.

"அண்ணே, கீழ நின்னு பாக்குறது காடே இல்ல. மேல இன்னொரு காடு இருக்கு. கிளை பூராம் பாசி, பாசிக்குள்ள தவளை. வெடிப்பலா பூத்துச்சுண்டா குரங்கும் வவ்வாலும் பந்தியில உக்காந்த மாதிரி திங்குதுக. அந்த ஒத்த மரத்த வெட்டுனா எத்தன குடும்பத்துக்கு அடுப்பு அணையும் தெரியுமா?"

"நல்லதுடா. நான் இங்கிட்டு வெறகத் தள்ளி எரிக்கிறேன், நீ அங்கிட்டு மரத்தக் காப்பாத்து. மொதலாளி ஒருத்தருதேன்!" என்று ஜெயபாண்டி சிரித்தது நேற்று போல இருந்தது.

பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆபீசில் முனீஸின் மனைவி வேல்விழி உட்கார்ந்திருக்கிறாள்; அவளும் இதே கம்பெனியில்தான் தைக்கிறாள். தப்பு தன் புருஷன் மேல்தான் என்று கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரிச் செலவாம். போட்டுவிட்டாள் என்றால் நஷ்டஈடு என்று ஒரு பைசா கேட்க முடியாது.

கதவைத் தள்ளினான். பேனா அவள் விரல்களில் இருந்தது.

"போடாத தாயி!" பெல்ட்டை மேசை மேல் எறிந்தான். "பெல்ட்டே போடலண்டீகளே மொதலாளி, இது என்னாது? இத எதுக்கு பாய்லர்ல போட்டீக?"

வேல்விழியின் கண்கள் பெல்ட்டின் மேல் விழுந்தன. அப்படியே நின்றன.

முதலாளி தரணீதரன் குரலை உயர்த்துகிற ஆளில்லை. "உக்காருங்க ஜெயபாண்டி. தண்ணி குடிங்க. எதுக்குங்க இத்தனை கோவம்?"

"என் தம்பி எந்திரிச்சு நடக்கட்டும், நானும் உக்காருறேன்."

"சரிங்க, போட்டிருந்தாருன்னே வச்சுக்குவோம். ஆராய்ச்சிக்காரங்க குடுத்த பெல்ட்டுல வேற பேரு இருந்துச்சுங்க. போட்டோ புடிக்கறப்ப நம்ம பேரு தெரியோணுமில்லீங்க? அதுக்காக அஞ்சு நிமிஷம் இதைப் போடச் சொன்னோம். பொருளு ஒண்ணும் மட்டமில்லீங்க. நம்ம சாம்பிள் ரூம்ல தச்சதுதான்." கொஞ்சம் நிறுத்தினார். "தையல் பிரிஞ்சா, தச்ச கையத்தானுங்க கேக்கோணும். இல்லீங்களா அம்மிணி?"

வேல்விழி பேனாவை மூடி வைத்தாள். பெல்ட்டை எடுத்து, பிரிந்த இடத்தில் தொங்கிய நூலை நகத்தால் சுண்டினாள். பட்டென்று அறுந்தது.

"பனியன் நூலு மச்சான்," என்றாள் ஜெயபாண்டியிடம். "நாந்தேன் தச்சேன்."

தரணீதரன் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்தார்.

"கெட்டி நூலு வேணும்ண்டு கேட்டேன். சும்மா பார்வைக்குத்தான, இது போதும்ண்டு சொன்னாக. நானும் தச்சுக் குடுத்தேன்." அவள் தலை நிமிர்ந்தது. முதலாளியை நேராகப் பார்த்தாள். "ஆளுக்குத் தச்சது இல்ல மச்சான் இது. ஷோரூம்ல தொங்குற பொம்மைக்குத் தச்சது. அதுல இருந்து உருவி எம்புருசனுக்கு மாட்டி விட்டுருக்காக. அவரு விழுந்த அன்னிக்குக் காலையில என்னையக் கூப்புட்டு, பொம்மை இடுப்பு வெறுமனே இருக்கு, வெரசா வேறொண்ணு தைய்யிண்டாக. எதுக்குண்டு கேக்காம தச்சேன்."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஷோரூமில், புதுப் பச்சை பெல்ட் கட்டிய பொம்மை கயிற்றில் கெட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.