ஓமத்தண்ணீர் சொட்டுமா

1

இந்தக் கதை பிறந்தது வானத்தைப் பற்றிப் படித்தபோது. ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்தையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சூடான வாயு கவிந்திருக்கிறதாம். அது ஆறினால் உறைந்து... (உறைந்து அல்ல, திரண்டு) உள்ளே விழும். புது நட்சத்திரங்கள் பிறக்கும். ஆறாவிட்டால் அந்தரத்திலேயே நிற்கும். மண்டலம் கிழடு தட்டிப் போகும். இதை 1946-இல், ஏலாக்குறிச்சியில், ஒரு சமையற்கட்டில் வைத்துச் சொல்லப் போகிறேன். என் இஷ்டம்.

2

முதல் தொடக்கம்: "அன்று வானமெங்கும் நட்சத்திரங்கள்..." வேண்டாம். மத்தியானத்தில் நட்சத்திரம் ஏது?

இரண்டாவது: லீலா மேரியின் கைக்குழந்தை காலையிலிருந்து வயிறு உப்பி வீறிட்டு அழுதது. ஓமத்தண்ணீர் சீசா காலி. மழையில் வண்டிப்பாதை சேறாகி, திருமானூர்க் கடைக்குப் போக வழியில்லை. அவளும் கணவர் ஞானப்பிரகாசமும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். பக்கத்து வீட்டிலிருந்து, ஆவியை நீராய் வடிக்கும் வாலையை இரவல் வாங்கி அடுப்பில் ஏற்றினார்கள். கீழ்ப்பானையில் ஓமம் கொதிக்கும். மேலே மூடியாக வைத்த சட்டியில் பச்சைத் தண்ணீர் நிற்கும். ஆவி அதன் அடியில் பட்டு ஆறி, வாலையின் மூக்குக் குழாய் வழியே சீசாவில் சொட்டும்.

3

பிள்ளை அழ அழ இருவருக்கும் கை பரபரத்தது. ஆளுக்கொரு பக்கம் விறகைத் தள்ளினார்கள். வீடெல்லாம் ஓமம் மணந்தது. வாலையின் மூக்கிலிருந்து வெறும் ஆவிதான் போயிற்று.

"இன்னும் ரெண்டு வெறகு வைக்கட்டா லீலா?"

"வைங்க. கொதி பத்தல போலருக்கு."

(ஞானப்பிரகாசம் இவ்வளவு சாதுவா என்று எனக்கே சந்தேகம். இருக்கட்டும், பாவம்.)

லீலா மேரி மேல்சட்டியில் விரலை விட்டாள். சுட்டது. பானையில் வெந்துகொண்டிருந்தது வீட்டிலிருந்த கடைசிப் பிடி ஓமம்.

"ஏங்க, வெறக உருவுங்க. மேல தண்ணியே கொதிக்குது, ஆவி எப்புடி ஆறும்? கெணத்துத் தண்ணி கொண்டாங்க."

4

அப்போது அவள், "வானத்துலயும் இப்புடித்தாங்க" என்று...

அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வருஷத்தில் இது தெரிந்தவர் யாருமில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாலையின் மூக்கையே பார்த்து நின்றாள். அவர் மேல்சட்டியின் சுடுதண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுக் கிணற்றுத் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தார். ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"வந்துருச்சுங்க" என்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

5

முடிவு ஒன்று: பிள்ளை ஏப்பம் விட்டுத் தூங்கியது. முடிவு இரண்டு: ஓமத்தின் சாரமெல்லாம் முன்பே ஆவியோடு... இல்லை, அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பால்சங்கு அளவு சேர்ந்துவிட்டது. இன்னும் சூடாக இருக்கிறது. பிள்ளையை உங்கள் மடியில் கிடத்தியிருக்கிறேன். விரலால் தொட்டுப் பார்த்து, ஆறியதும் நீங்களே புகட்டுங்கள்.