வலப்பக்கக் கதவு

சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடுவது என்ற முடிவோடுதான் அவள் விமானக் கொட்டகைக்கு வந்தாள். கைப்பையில் மறுநாள் காலை பஸ்ஸுக்கான டிக்கெட் இருந்தது. மகளுக்கு ஒன்பதாம் மாதம். அவள் ஊருக்குப் பஸ்ஸில் பதினோரு மணி நேரம். கணவரின் இரண்டு சீட் பழைய விமானத்தில் மூன்று மணி நேரம். ஆனால் அதில் இனிக் கால் வைப்பதில்லை என்று இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

காரணம் இல்லாமல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், நடுவானில் அவள் பக்கத்துக் கதவு படாரென்று திறந்துகொண்டது. மடியிலிருந்த மேப் காற்றோடு போயிற்று. பெல்ட் போட்டிருந்ததால் அவள் போகவில்லை. தரை தட்டும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவர் கை அவள் தோளை அழுத்திப் பிடித்திருந்தது மட்டும் ஞாபகம். இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கதவு ஆடுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

அறுபது வயது விமானத்துக்குக் கதவுத் தாழ் எந்தக் கடையிலும் கிடைக்காது. அலைந்து திரிந்து, போன வாரம்தான் ஒரு ஜோடியைப் பிடித்திருந்தார் அவர். மாட்டுவது அவளுடைய தம்பி. அங்கே மெக்கானிக் அவன்தான்.

உள்ளே எட்டிப் பார்த்தாள். வலது சீட்டில் மூன்று மணல் மூட்டைகள் பெல்ட் போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

"யாருடா இது?"

"நீதான்க்கா," என்றான் தம்பி, திருப்புளியை வாயிலிருந்து எடுத்து. "ஆள் உட்கார்ந்தா கதவுச் சட்டம் ஒரு நூல் அளவு இறங்கும். அந்த எடைக்குத் தகுந்த மாதிரி தாழை வைக்கணும். அத்தான் எழுதிக் கொடுத்தாரு, ஐம்பத்திரண்டு கிலோன்னு."

"ஐம்பத்திரண்டா? அது கல்யாணத்தன்னிக்குடா!"

"இப்ப?"

அவள் முணுமுணுத்தாள்.

"சத்தமா சொல்லு, கதவுக்கும் கேட்கட்டும்."

"அறுபத்தெட்டு. போதுமா?"

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "காலையிலேர்ந்து நான் யாரோ ஒருத்திக்குக் கதவு மாட்டிட்டிருந்திருக்கேன். மூட்டையும் தீர்ந்துபோச்சு. நீயே ஏறி உட்காரு."

"நான் மாட்டேன். எங்க, அந்தத் தவளையைக் கூப்பிடு, அவரையே உட்காரச் சொல்லு."

தவளை என்பது அந்த நாளில் அவள் கணவருக்குக் கிடைத்த பட்டம். கதவு திறந்த அன்று விமானம் மூன்று தடவை துள்ளித் துள்ளி இறங்கியது. முன்சக்கரத்தின் தண்டு வளைந்துபோனது. அங்கே விமானம் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வீட்டில் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

தம்பி சிரிக்கவில்லை.

"நீயாவது அப்படிச் சொல்லாதக்கா. அந்தத் தண்டை மாத்தினவன் நான். இறங்கறப்ப இடது கையில ஸ்டியரிங், வலது கையில த்ராட்டில். வேகத்தைக் குறைக்கிறதே அந்த வலது கைதான். அன்னிக்கு அது எங்க இருந்துச்சு?"

அவள் கை தானாகத் தன் தோளைத் தொட்டது.

"உன் தோள்லேர்ந்து ஒரு செகண்டுகூட எடுக்கல. அதான் அவ்வளவு வேகத்துல வந்து விழுந்துச்சு. ஏன் யார்கிட்டயும் சொல்லலைன்னு கேட்டேன். 'ஏற்கெனவே பயந்துபோயிருக்கா, இதையும் சொல்லி எதுக்கு? தவளைன்னா தவளையாவே இருந்துட்டுப் போறேன்'னாரு."

கொட்டகைத் தகரத்தில் ஒரு புறா நடக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வருடம். ஒரு நன்றிகூடச் சொல்லாமல், பட்டம் வேறு.

"மூட்டையை இறக்குடா," என்றாள்.

ஆயில் டப்பாவோடு அவர் உள்ளே வந்தபோது, அவள் வலது சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"ஏங்க, எதுக்கு ஐம்பத்திரண்டுன்னு எழுதினீங்க?"

"கேட்டா நீ உண்மையைச் சொல்லியிருப்பியா?"

தம்பி திருகாணியைத் தளர்த்தித் தாழை ஒரு நூல் இறக்கி முடுக்கினான். கதவைச் சாத்தினான். டக். அவள் அதைத் தோளால் முட்டினாள், அசையவில்லை. இன்னும் பலமாக முட்டினாள்.

"போதும்க்கா, சட்டத்தையே பேத்துடாதே."

"ஏறுங்க," என்றாள் கணவரிடம். "ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்."

மேலே போனதும் பெல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது சாதுவாக இருந்தது. இறங்கத் திரும்பியபோது, அவர் வலது கை கேட்காமலே அவள் தோளை நோக்கி வந்தது. அவள் அதைப் பிடித்து, ஒரு நிமிடம் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்து, த்ராட்டிலின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"இன்னிக்கு இது அதோட வேலையைப் பார்க்கட்டும். அன்னிக்கு என்னைப் பிடிச்சுட்டு இருந்ததுக்கு... ரொம்ப நன்றிங்க."

"என்ன? கேட்கல!"

"நன்றின்னேன்!" என்று இன்ஜினுக்கு மேலே கத்தினாள்.

அவருக்குக் காது சிவந்தது. அந்தச் சந்தோஷத்தில்தானோ என்னவோ, இரண்டு கையும் அதனதன் இடத்தில் இருந்தும் விமானம் தரையில் பட்டு ஒரு குட்டித் துள்ளல் துள்ளியது. அவர் திருட்டு முழி முழித்தார்.

கதவு அப்படியே இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குங்க கிளம்பணும்?"